சமூகவியல் சிந்தனை, கோட்பாடு, ஆய்வுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகவியலை முதன்முறையாகப் படிப்பவர்களும், முதல் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கோட்பாட்டுக்கு ஒரு நோட்டு, ஆய்வுமுறைக்கு இன்னொரு நோட்டு என்று பிரித்துப் படிப்பவர்கள்தான் ஆய்வேடு எழுதும்போது திணறுகிறார்கள். அதனால் இரண்டையும் இங்கே சேர்த்தே வைத்திருக்கிறோம்.

எல்லோரும் சமூகத்தில்தானே வாழ்கிறோம்? அதைப் படிக்கத் தனித் துறை எதற்கு?

ஏழை வீட்டுப் பிள்ளை ஏழையாகவே இருந்துவிட்டால் "தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்கிறோம். அதே பிள்ளை பெரிய நிலைக்கு வந்துவிட்டால் "சேற்றில் முளைத்த செந்தாமரை" என்கிறோம். நடந்து முடிந்த பிறகு எதற்கும் பொருந்தும் ஒரு விளக்கம் பொது அறிவிடம் எப்போதும் கையிருப்பில் இருக்கும். எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் தவறென்று நிரூபணமாக வழியே இல்லை. அதனாலேயே அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவும் முடியாது.

சமூகவியல் கேட்பது வேறு: ஏழை வீடுகளில் பிறந்த 100 பேரில் எத்தனை பேர் மேலே வந்தார்கள்? வசதியான வீடுகளில் பிறந்த 100 பேரில் எத்தனை பேர் கீழே போனார்கள்? முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே கணக்கு எப்படி இருந்தது? "எதோடு ஒப்பிட்டு?" என்ற இந்த ஒரே கேள்வியை விடாமல் கேட்கப் பழகுவதே சமூகவியல் சிந்தனையின் முதல் படி. இந்தப் பக்கம் முழுக்க அது வந்துகொண்டே இருக்கும்.

'சமூகவியல் கற்பனை' என்று எல்லாப் பாடநூலிலும் வருகிறதே, அது என்ன?

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் முன்வைத்த கருத்து. தனிமனிதரின் தொல்லையையும் சமூகத்தின் பிரச்சினையையும் அவர் பிரித்துக் காட்டினார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லையென்றால், அவருடைய திறமை, குணம், அவர் தவறவிட்ட வாய்ப்பு ஆகியவற்றைப் பார்க்கலாம். 5 கோடித் தொழிலாளர்கள் உள்ள நாட்டில் 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால், அத்தனை பேரின் குணமும் ஒரே நேரத்தில் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. வேலைவாய்ப்பின் கட்டமைப்பே அங்கே இடிந்திருக்கிறது.

'கற்பனை' என்ற சொல் பலரைக் குழப்புகிறது. இல்லாததை இட்டுக்கட்டுவதை அது குறிக்கவில்லை. ஒருவரின் வாழ்க்கைக் கதையையும் அவர் வாழும் காலத்தின் வரலாற்றையும் ஒரே பார்வையில் சேர்த்துப் பார்க்கும் திறனையே குறிக்கிறது.

ஒருவர் தானே எடுக்கும் முடிவைச் சமூகம் எப்படி விளக்க முடியும்?

இந்தச் சந்தேகம் நியாயமானது. இதற்குப் பதில் சொல்லவே பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் மிகக் கடினமான பொருளைத் தேர்ந்தெடுத்தார்: தற்கொலை. 1897-இல் வெளியான அந்த ஆய்வில் அவர் தனி வழக்குகளின் காரணங்களைத் தேடிப் போகவில்லை, விகிதங்களை ஒப்பிட்டார். ஒரு நாட்டின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை, நாட்டுக்கு நாடு மட்டும் நிலையாக வேறுபடுகிறது. புராட்டஸ்டண்டுகளிடம் கத்தோலிக்கர்களைவிடக் கூடுதல். திருமணமாகாதவர்களிடம், அதே வயதுள்ள திருமணமானவர்களைவிடக் கூடுதல். போர்க்காலத்தில் குறைகிறது. பொருளாதாரம் சரியும்போது மட்டுமல்லாமல் திடீரென்று செழிக்கும்போதும் ஏறுகிறது.

வறுமைதான் காரணம் என்றால் செழிப்பில் ஏன் ஏற வேண்டும்? மனிதரைக் குழுவோடு கட்டும் பிணைப்பும், ஆசைகளுக்கு எல்லை வகுக்கும் நெறிகளும் எவ்வளவு வலுவாக உள்ளன என்பதில் அவர் விடையைக் கண்டார். விகிதம் என்பது எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமில்லாத பண்பு. இப்படி நமக்கு வெளியே இருந்து நம்மைக் கட்டுப்படுத்துபவற்றையே அவர் 'சமூக மெய்ம்மைகள்' என்றார். மொழி, சட்டம், நாணயம், மரியாதை முறை எல்லாம் இதில் சேரும்.

இதில் தவறு நேரும் இடத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவர் நம்பிய அரசுப் பதிவுகளை எழுதியவர்களும் மனிதர்களே. குடும்பத்துக்கு அவப்பெயர் வரக்கூடாதென்று ஒரு மரணம் விபத்தாகப் பதிவாகியிருக்கலாம். அப்படி மறைக்கும் பழக்கம் ஒரு சமூகத்தில் மற்றதைவிட அதிகம் என்றால், இரு விகிதங்களுக்கும் உள்ள வேறுபாட்டின் ஒரு பகுதி பதிவின் வேறுபாடாகவே இருக்கும். எந்தப் புள்ளிவிவரத்தைக் கையில் எடுத்தாலும் இதை யார், எதற்காக, எந்த வரையறையில் எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

இத்தனை கோட்பாடுகள் ஏன்? எது சரி?

கோட்பாடு என்பது எதைப் பார்க்க வேண்டும், எந்தச் சான்றைத் தேட வேண்டும் என்று சொல்லும் கருவி. பள்ளித் தேர்வு என்ற ஒரே பொருளை மூன்று விதமாக வைத்துப் பார்க்கலாம்.

செயற்பாட்டியல், தேர்வு சமூகத்துக்கு என்ன செய்து தருகிறது என்று கேட்கும். யார் எந்தப் பொறுப்புக்கு என்று பிரிப்பதும், எல்லோருக்கும் ஒரே விதி என்பதைப் பழக்குவதும் அதன் வெளிப்படைப் பயன்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இவற்றோடு மறைமுகப் பயன்களையும் தேடச் சொன்னார்: பள்ளி ஆண்டுகள் நீள்வதால் இளைஞர்கள் வேலைச் சந்தைக்குத் தாமதமாக வருகிறார்கள், இதை யாரும் திட்டமிடவில்லை. இந்தப் பார்வையின் பலவீனம், இருப்பதெல்லாம் ஏதோ நன்மைக்குத்தான் என்று சறுக்கிவிடுவது. யாருக்கு நன்மை என்று கேட்டால் அது தடுமாறும்.

அந்த 'யாருக்கு' என்பதையே முரண்பாட்டுக் கோட்பாடு பிடித்துக்கொள்கிறது. இதன் வேர் கார்ல் மார்க்ஸ். பாடத்திட்டத்தை எழுதியவர்கள் யார், தேர்வின் மொழி யாருடைய வீட்டு மொழி என்று அது கேட்கும். பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியு இதை நுணுக்கமாக்கினார்: பணம் போலவே, வீட்டில் இயல்பாகப் பழகிய பேச்சு நடை, ரசனை, புத்தகப் பழக்கம் ஆகியவையும் மூலதனமே. அதைப் பண்பாட்டு மூலதனம் என்றார். பள்ளி அந்த மூலதனத்தைத் திறமை என்று பெயர் மாற்றி மதிப்பெண்ணாக்கித் தருகிறது. எல்லாவற்றையும் ஆதிக்கமாகவே படித்து, மக்கள் மனமொத்து ஒத்துழைக்கும் இடங்களைக் காணாமல் விடுவது இதன் பலவீனம்.

மூன்றாவது, குறியீட்டு இடைவினையியல்: மனிதர்கள் நேருக்கு நேர் பழகும்போது ஒருவருக்கொருவர் கொடுக்கும் பொருளைக் கவனிக்கும் பார்வை. இது வகுப்பறைக்குள் போய் உட்காரும். "இவனுக்குப் படிப்பு வராது" என்று ஆசிரியர் முடிவு கட்டிய பிறகு, அந்தப் பையனிடம் கேள்வி கேட்பது குறைகிறது, காத்திருக்கும் நேரம் குறைகிறது. பையனும் அதை உணர்ந்து ஒதுங்குகிறான். முடிவு உண்மையாகிவிடுகிறது. ஒரு நிலைமையை உண்மை என்று மனிதர்கள் வரையறுத்துவிட்டால் அதன் விளைவுகள் உண்மையாகிவிடும் என்ற தாமஸ் தேற்றம் (1928) இதற்கு அடிப்படை. வகுப்பறைக்கு நிதி எங்கிருந்து வருகிறது என்பது இந்தப் பார்வையில் எளிதாகத் தப்பிவிடும்.

முதல் கோட்பாட்டுக்குப் பள்ளி அமைப்பைப் பற்றிய நீண்டகாலத் தரவு தேவை. இரண்டாவதற்குக் குடும்பப் பின்னணியையும் மதிப்பெண்ணையும் இணைத்த தரவு தேவை. மூன்றாவதற்கு வாரக்கணக்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எடுத்த குறிப்புகள் தேவை. "என் ஆய்வுக்கு எந்தக் கோட்பாடு போடலாம்?" என்று கடைசி வாரத்தில் கேட்பது இதனால்தான் பொருளற்றுப் போகிறது. கோட்பாடு, திரட்ட வேண்டிய தரவை முதல் நாளே தீர்மானித்துவிடுகிறது.

மேக்ஸ் வெபர் இதில் எங்கே வருகிறார்?

செயலைச் செய்பவர் அதற்குக் கொடுக்கும் பொருளைப் புரிந்துகொள்ளாமல் சமூகச் செயலை விளக்க முடியாது என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அவர். ஒரே கையசைப்பு விடைகொடுப்பாகவும் இருக்கலாம், எச்சரிக்கையாகவும் இருக்கலாம். அவருடைய 'தூய வகை' என்ற கருவியைத்தான் மாணவர்கள் அதிகம் தவறாக எழுதுகிறார்கள். அது சராசரியையோ இலட்சியத்தையோ குறிக்காது. நிஜத்தை அளக்க வேண்டுமென்றே கூர்மையாக்கி வரைந்த அளவுகோல் அது. மரபு, தனிக்கவர்ச்சி, சட்டம் என்று அவர் பிரித்த மூன்று வகை அதிகாரமும் எங்கும் கலப்பில்லாமல் கிடைக்காது. ஒரு தலைவரிடம் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கவே அவை.

தலைப்பு இருக்கிறது. அதை ஆய்வுக் கேள்வியாக மாற்றுவது எப்படி?

'வீட்டிலிருந்து வேலையும் தனிமையும்' என்பது தலைப்பு மட்டுமே. அதற்கு விடை கிடையாது. முதலில் 'தனிமை' என்ற கருத்தை உடையுங்கள். பழகும் ஆட்கள் குறைவாக இருப்பது ஒன்று. தனியாகிவிட்டோம் என்று உணர்வது இன்னொன்று. பத்துப் பேருக்கு நடுவே தனிமையை உணர்பவரும் உண்டு, ஒருவரோடு மட்டும் பழகி நிறைவாக இருப்பவரும் உண்டு. எதை ஆராய்கிறீர்கள்?

முதலாவதைத்தான் என்றால் அளவுகோல் இப்படி அமையலாம்: "கடந்த 7 நாட்களில், உங்கள் வீட்டில் வசிக்காத எத்தனை பேரோடு நேரில் 10 நிமிடத்துக்கு மேல் பேசினீர்கள்?" காலம், இடம், ஆள், அளவு நான்கும் இதில் தெளிவாக இருக்கின்றன. "நீங்கள் அடிக்கடி மக்களோடு பழகுகிறீர்களா?" என்ற கேள்வியில் ஒன்றுமே தெளிவில்லை, ஒருவருக்கு 'அடிக்கடி' என்பது தினமும், இன்னொருவருக்கு மாதம் இருமுறை.

அடுத்தது ஒப்பீடு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களை மட்டும் கேட்டுவிட்டு அவர்கள் தனிமைப்பட்டிருக்கிறார்கள் என்று எழுத முடியாது. அதே வகை வேலையை அலுவலகம் போய்ப் பார்ப்பவர்களையும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டாலும், ஏற்கெனவே தனிமை விரும்பிகளே வீட்டு வேலையைத் தேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் நிற்கும். வேலைமுறை மாறுவதற்கு முன்னும் பின்னும் அதே ஆட்களைக் கேட்டால் அந்தச் சந்தேகம் பெருமளவு தீரும். அதற்கு நேரமில்லையென்றால், அந்தக் குறையை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

எண்களை வைத்துச் செய்வதா, ஆழமாகப் பேசிச் செய்வதா?

எத்தனை, எவ்வளவு, யாரிடம் கூடுதல் என்பவை கேள்வியென்றால் கருத்தாய்வு, அதாவது பலரிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு எண்ணுவது. எப்படி நடக்கிறது, அதற்கு அவர்கள் என்ன பொருள் கொடுக்கிறார்கள் என்றால் நேர்காணலும் உற்றுநோக்கலும். கணிதம் வராது என்பதற்காக இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உழைப்பு அதில்தான் அதிகம்.

எத்தனை பேரைக் கேட்டால் போதும்?

அதிகம் வரும் கேள்வி இதுவே. ஆனால் "யாரை, எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்பதே இதற்கு முன் வரவேண்டிய கேள்வி. 1936 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் சுமார் 1 கோடி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்கோடு வென்றார். முகவரிகள் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. 1930களின் பெரும் பொருளாதாரச் சரிவான பெருமந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். அதிலும் நான்கில் ஒருவருக்கும் குறைவாகவே பதில் அனுப்பினார்கள். அனுப்பாதவர்களின் மனம் வேறாக இருந்தது. தேர்வு கோணலாக இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டுவது அந்தக் கோணலையே உறுதிப்படுத்தும்.

எளிய சமவாய்ப்பு முறையில், அதாவது எல்லோருக்கும் தேர்வாகும் வாய்ப்பு ஒரே அளவாக இருக்கும்படி தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் கணக்கு இது. 95 சதவீத நம்பிக்கை (அதற்கான எண் 1.96), 5 சதவீதப் புள்ளி பிழை வரம்பு (0.05), விடை பாதிக்குப் பாதி பிரியும் என்ற எச்சரிக்கையான ஊகம் (0.5): 1.96 × 1.96 × 0.5 × 0.5 ÷ (0.05 × 0.05) = 384.16, அதாவது 385 பேர். பிழை வரம்பை 3 புள்ளியாகக் குறைத்தால் 1,068 பேர். பிழையைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். மொத்தமே 1,000 பேர் உள்ள நிறுவனம் என்றால் 278 போதும். இந்த எண்கள் கிடைத்த பதில்களைக் குறிப்பவை. 60 சதவீதம் பேர்தான் பதில் தருவார்கள் என்று எதிர்பார்த்தால் 385-க்கு 642 பேரை அணுக வேண்டும். ஆண், பெண் இரு தரப்புக்கும் தனித்தனியாக இதே துல்லியம் வேண்டுமென்றால் தரப்புக்கு 385.

6,000 பெயர்ப் பட்டியலிலிருந்து 300 பேர் வேண்டுமென்றால் இடைவெளி 20. 1 முதல் 20-க்குள் ஓர் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு 20-ஆவது பெயராக எடுங்கள். பட்டியலில் ஏதாவது ஒழுங்கு ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: ஒவ்வொரு தளத்திலும் 20 வீடுகள், முதல் வீடு எப்போதும் மூலை வீடு என்றால் உங்கள் மாதிரி முழுவதும் மூலை வீடுகளாகவே அமைந்துவிடலாம்.

நேர்காணல் ஆய்வுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. புதிய கருத்து எதுவும் வராமல் பழையதே திரும்பத் திரும்ப வரும்வரை போகவேண்டும். ஓரளவு ஒரே மாதிரியான குழுவென்றால் 12 முதல் 20 பேருக்குள் பெரும்பாலும் அந்த நிலை வரும். கலவையான குழுவென்றால் கூடும்.

வினாநிரலில் எங்கே தவறு நடக்கிறது?

"உங்கள் சம்பளமும் வேலைச் சூழலும் திருப்தியாக உள்ளதா?" என்பது இரண்டு கேள்விகள். சம்பளம் சரி, சூழல் மோசம் என்பவர் எதை டிக் செய்வார்? வயதுப் பிரிவுகளை 20–30, 30–40 என்று போட்டால் 30 வயதுக்காரருக்கு இரண்டு இடம்.

சொல்லின் எடை இன்னும் நுட்பமானது. 1941-இல் வெளியான டொனால்ட் ரக்கின் அமெரிக்க ஆய்வில், மக்களாட்சிக்கு எதிரான மேடைப் பேச்சை 'அனுமதிக்க வேண்டுமா' என்று கேட்டபோது 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றனர். 'தடை செய்ய வேண்டுமா' என்று வேறு குழுவிடம் கேட்டபோது 46 சதவீதம் பேரே ஆம் என்றனர். தர்க்கப்படி இரண்டும் ஒன்று. 'தடை' என்ற சொல்லின் கடுமை 16 புள்ளியைத் தின்றுவிட்டது.

வருமானம், சாதி, மதம் போன்றவற்றைக் கடைசியில் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அச்சடிக்கும் முன் 10 முதல் 15 பேரிடம் சோதித்துப் பாருங்கள். பதிலை வாங்கியதோடு விடாமல், "இந்தக் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று கேளுங்கள். இந்த ஒரு நாள் வேலையைத் தவிர்த்ததால் வீணான வினாநிரல்கள் ஏராளம்.

நேர்காணலில் ஆட்கள் ஒரு வரியில் பதில் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்வது?

"ஏன் செய்தீர்கள்?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல ஒலிக்கும், நியாயப்படுத்தும் பதிலே வரும். "அது எப்படித் தொடங்கியது?", "அன்றைக்கு என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டால் நிகழ்ச்சி வரும், அதனுள் காரணமும் வரும். பதிலுக்குப் பின் ஐந்து வினாடி பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை அவர் நிரப்பும் வாக்கியம்தான் பலமுறை மிக முக்கியமானதாக இருக்கும்.

ஒரு மணி நேர நேர்காணலுக்கு 8 முதல் 12 முதன்மைக் கேள்விகள் போதும். ஒலிப்பதிவை எழுத்தாக்க, ஒரு மணி நேரப் பேச்சுக்கு 4 முதல் 6 மணி நேரம் ஆகும். 15 பேர் என்றால் தட்டச்சுக்கு மட்டும் இரண்டு வார வேலை. கால அட்டவணையில் இதைச் சேர்க்காதவர்கள் பாதியில் நிற்கிறார்கள்.

மக்கள் சொல்வதை நம்பலாமா?

1930களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்காவில் பயணம் செய்தார். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதிச் சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் தந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஏற்கமாட்டோம் என்றார்கள்.

மக்கள் பொய்யர்கள் என்று இதை வாசிக்கக் கூடாது. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் வேறு வேறு ஆட்களாக இருந்திருக்கலாம். முகம் தெரியாத 'சீனர்' என்ற சொல்லும், எதிரே புன்னகைத்து நிற்கும் இருவரும் ஒன்றல்ல. சொல் ஒரு தரவு, செயல் இன்னொரு தரவு. ஒன்றை வைத்து மற்றதை முடிவு செய்யாதீர்கள்.

செயலை அறிய உற்றுநோக்க வேண்டும். களக்குறிப்பை அன்றிரவே எழுதிவிடுங்கள். தூங்கி எழுந்தால் உரையாடலின் சொற்கள் போய் சாரம் மட்டுமே மிஞ்சும். பக்கத்தை நெடுக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கண்டதையும் கேட்டதையும், வலப்பக்கம் உங்கள் எண்ணத்தையும் எழுதுங்கள். "மேலாளர் கோபமாக இருந்தார்" என்பது வலப்பக்கம். "மேலாளர் கோப்பை மேசைமேல் போட்டார், மூன்று நிமிடம் பேசவில்லை" என்பது இடப்பக்கம்.

இரண்டு விஷயங்கள் சேர்ந்தே மாறுகின்றன. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எழுதலாமா?

மூன்று தடைகளைத் தாண்டினால் எழுதலாம்: காரணம் காலத்தால் முந்தியிருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து மாற வேண்டும், இரண்டையும் ஆட்டிவைக்கும் மூன்றாவது ஒன்று இருக்கக் கூடாது. மூன்றாவது தடையில்தான் பெரும்பாலான ஆய்வுகள் விழுகின்றன.

1973-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதமும் பெண்களில் சுமார் 35 சதவீதமும் அனுமதி பெற்றனர். பாகுபாடு என்று பார்த்தவுடன் தோன்றும். துறைவாரியாகப் பிரித்தபோது பெண்களுக்கு எதிரான அந்த இடைவெளி மறைந்தது. மிகச் சிறிதளவு பெண்களுக்குச் சாதகமாகக்கூட இருந்தது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்கே பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். கேள்வி இதோடு முடியவில்லை: அந்தத் துறைகளுக்கே பெண்கள் ஏன் அதிகம் வந்தார்கள், அங்கே இடங்கள் ஏன் குறைவு? அனுமதிக் குழுவை விட்டு, அதற்கு முந்தைய பள்ளி ஆண்டுகளுக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் விசாரணை நகர்கிறது.

இன்னொரு பொறி, பகுதியின் கணக்கை ஆளின் கணக்காகப் படிப்பது. 1930 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950-இல் இதைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. ஆனால் ஆள்வாரியாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடமே எழுத்தறிவின்மை சற்றுக் கூடுதல். எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் அவர்கள் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான். மாவட்டப் புள்ளிவிவரத்தை எடுத்துத் தனிமனிதரைப் பற்றி வாக்கியம் எழுதும் ஒவ்வொரு முறையும் இதை நினையுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் அறம் முடிந்ததா?

இல்லை. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் மேகநோயை (சிபிலிஸ்), சிகிச்சை கொடுக்காமல், உண்மையைச் சொல்லாமல் ஆய்வாளர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் குணமாக்கும் பென்சிலின் மருந்து வழக்கத்துக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. இன்றைய ஆய்வு அற விதிகளுக்குப் பின்னால் அந்த மனிதர்கள் இருக்கிறார்கள். படிவத்தை வெறும் சடங்காக நடத்தக் கூடாது.

எதற்காக ஆய்வு, எவ்வளவு நேரம், தரவு யாரிடம் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் ஆகிய நான்கையும் அவருக்குப் புரியும் பேச்சில் சொல்லுங்கள். மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது தொழிலாளி தரும் சம்மதம் சம்மதமே இல்லை. பெயரை மாற்றுவதும் போதாது. 40 பேர் வேலை செய்யும் இடத்தில் 'ஒரே பெண் மின்பணியாளர்' என்று எழுதினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெயர்ப் பட்டியலையும் பதில்களையும் தனித்தனியே வைத்து, குறியீட்டு எண்ணால் மட்டும் இணையுங்கள்.

60 நண்பர்களுக்கு இணைப்பு அனுப்பிப் பதில் வாங்கிவிட்டேன். இனி என்ன செய்வது?

தூக்கிப்போட வேண்டியதில்லை. "இளைஞர்களில் 66.67 சதவீதம்" என்று மட்டும் எழுதாதீர்கள், "பதிலளித்த 60 பேரில் 40 பேர்" என்று எழுதுங்கள். அவர்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்பதையும், யாரெல்லாம் விடுபட்டிருப்பார்கள் என்பதையும் ஒரு பத்தியில் சொல்லுங்கள். பிழை வரம்பு போடாதீர்கள், சமவாய்ப்பு இல்லாத மாதிரிக்கு அந்தச் சூத்திரம் செல்லாது. பிறகு, மற்றவர்களிலிருந்து மாறுபட்ட பதில் தந்த ஐந்தாறு பேரை அழைத்து விரிவாகப் பேசுங்கள். பெரும்பான்மையின் பதில் நீங்கள் எதிர்பார்த்ததாகவே இருக்கும். உங்கள் கருதுகோளை, அதாவது நீங்கள் சோதிக்கும் ஊகத்தைத் திருத்தும் செய்தி அந்த ஐந்தாறு பேரிடம் கிடைக்கும் வாய்ப்பே அதிகம்.